கீப்பருக்குப் பின்னால் இருந்த ஹெல்மெட்

இந்தக் கதையை நான் முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். பயிற்சிக்கு வரும் பெண்களிடம், அவர்களைப் பெற்றவர்களிடம், பேட்டி எடுக்க வந்தவர்களிடம், ஒரு தடவை என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டரிடம்கூட, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே. எல்லாரும் சிரித்தார்கள். அந்த டாக்டர் சிரித்த சிரிப்பில் அடுத்து உட்கார்ந்திருந்த நோயாளி பயந்து எழுந்து போய்விட்டார். அந்த முந்நூறு தடவையும் நான் சொன்னது பொய். இப்போது சொல்வதுதான் நடந்தது.

கிரிக்கெட் தெரியாதவர்களுக்காக ஒரே ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டை பிடிப்பவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் குனிந்து நிற்கிற ஃபீல்டர் தலையில் ஹெல்மெட் போட்டிருப்பான். அவனைத் திடீரென்று எல்லைக்கோட்டுக்கு அனுப்பினால் அதைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு ஓடுவான். எங்கே வைப்பது? விக்கெட் கீப்பருக்கு நேர் பின்னால், நாலைந்து அடி தள்ளி. கீப்பர் முன்னால் மறித்துக்கொண்டு நிற்பதால் அந்த இடத்துக்குப் பந்து வராது. தப்பித் தவறிப் பந்து போய் அந்த ஹெல்மெட்டில் பட்டுவிட்டால் எதிரணிக்குச் சும்மா ஐந்து ரன். அவ்வளவுதான் விதி.

நான் கீப்பர். பதினோரு வருடம் எங்கள் அணிக்காகக் குனிந்து நிமிர்ந்தவன். கைவிரல் பத்தில் ஏழு உடைந்து கூடியவை. குளிர் நாளில் சட்டைப் பொத்தானை என் மனைவிதான் போட்டுவிட வேண்டும், போட்டுவிடும்போது நாலு வார்த்தை திட்டவும் திட்டுவாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய இறுதிப் போட்டி அது. எதிரணியில் ஒன்பது பேர் அவுட், இன்னும் ஆறு ரன் வேண்டும். சுழற்பந்து. நான் ஸ்டம்பை ஒட்டி நிற்கிறேன். மட்டைக்குப் பக்கத்தில் நின்ற பையனைக் கேப்டன் எல்லைக்கோட்டுக்கு விரட்டினார். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி எனக்குப் பின்னால் வைத்துவிட்டு ஓடினான். நிறைந்த வாளியை இடது கையில் தூக்கிக்கொண்டு போகிறவனைப்போல அவனுக்கு ஒரு பக்கத் தோள் சாய்ந்திருக்கும், நடந்தாலும் ஓடினாலும். என்னைவிட இரண்டு வயது சின்னவன். என்னை மச்சான், வாடா போடா என்றுதான் கூப்பிடுவான்.

மூன்று பந்து ஒன்றும் ஆகவில்லை. நாலாவது பந்தைத் தூக்கி அவன் பக்கமே அடித்தார்கள். விழுந்து புரண்டு நிறுத்தினான். நாலு போக வேண்டியது இரண்டோடு நின்றது. ஆனால் பதற்றத்தில் எறிந்தது என் தலைக்கு மேலே வந்தது. நான் பின்னாலேயே நாலு எட்டு வைத்து, எம்பி, ஒற்றைக் கையால் பிடித்தேன். அதை விட்டிருந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்திருக்கும். மைதானமே கை தட்டியது. இறங்கும்போது என் குதிகால் ஹெல்மெட்டின்மேல் பட்டது. ஷூவின் முள் அதன் தாடை வாரில் மாட்டிக்கொண்டது. காலை இரண்டு தடவை உதறினேன். ஹெல்மெட் உருண்டு, லெக் பக்கம், அதாவது மட்டை பிடிப்பவனின் கால் பக்கமாக, ஒன்றரை அடி தள்ளிப் போய் நின்றது.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பந்து போடுகிறவன் அதற்குள் தயாராக நின்றான், கைதட்டல் இன்னும் காதில் இருந்தது, ஒரு பந்துதானே, அப்புறம் நகர்த்திக்கொள்ளலாம் என்று போய்க் குனிந்துவிட்டேன். முந்நூறு தடவையும் நான் சொல்லாமல் விட்டது இந்த ஒன்றைத்தான்.

அடுத்த பந்து மட்டை பிடித்தவனின் காலில் உரசி என் கையுறைக்கும் முழங்காலுக்கும் நடுவே போயிற்று. பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். நடுவர் ஒரு கையால் மறு தோளைத் தட்டிக் காட்டினார். அவர்களுக்கு வேண்டியிருந்தது நாலு, கிடைத்தது ஐந்து. பந்தைப் பிடிக்காமல் விட்டவன் நான். அதைக்கூட யாரும் கேட்கவில்லை.

உடை மாற்றும் அறையில் கேப்டன் ஹெல்மெட்டைச் சுவரில் விட்டெறிந்தார். "எவன்டா அதை அங்க வெச்சது?" என்று கத்தினார். அவன் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. "நான்தான். நேரா வெச்சேன்னுதான் நினைச்சேன்," என்றான். நான் மூலையில் உட்கார்ந்து விரல்களில் சுற்றிய டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கேப்டன் என் பக்கம் திரும்பி, "உன் பின்னாடிதானே இருந்துச்சு, நீ பாக்கலையா?" என்றார்.

"எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். தோற்றுப்போய் உட்கார்ந்திருந்த ஒன்பது பேர் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். அன்றைக்கு அவனுக்கு 'அஞ்சு ரன்' என்று பெயர் விழுந்தது. அடுத்த வருட அணியில் அவன் இல்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். நான் மேலும் இரண்டு வருடம் ஆடினேன், நன்றாகவே ஆடினேன், வெட்கமில்லாமல்.

விரல்கள் இனி முடியாது என்றதும் பயிற்சி கொடுக்க வந்தேன். ஆரம்பத்தில் நான் சொல்வதை ஒரு பிள்ளையும் கேட்காது. அதட்டினால் அழும், கெஞ்சினால் தலையில் ஏறும். ஒரு நாள் வாய் தவறி இந்த ஹெல்மெட் கதையைச் சொன்னேன். முட்டாள் ஒருவன் எங்கள் அணியில் இருந்தான் என்று ஆரம்பித்து, அவன் தோளைச் சாய்த்துக்கொண்டு ஓடுவதை ஓடிக் காட்டி, கோணல் மாணலாக ஹெல்மெட்டை வைப்பதை வைத்துக் காட்டி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்கள் அப்புறம் சொன்னபடி கேட்டார்கள். அதை வைத்து ஒரு பயிற்சியே உண்டாக்கினேன். கீப்பருக்குப் பின்னால் ஹெல்மெட்டை வைத்து, தலைக்கு மேல் பந்தை எறிவேன். குதிகால் அதில் படாமல் பின்னால் போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் திரும்பி ஹெல்மெட் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் அடுத்த பந்து. பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணியை எடுத்தேன். நாலு வருடத்தில் மூன்று கோப்பை. பத்திரிகையில் என் படத்தைப் போட்டு, கீழே அந்தக் கதையையும் போட்டார்கள். நான் அதை வெட்டிச் சாமான் அறையின் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். என்ன ஜென்மமோ நான்.

இப்போது இந்த வருடத்துக்கு வருகிறேன். நாலாவது கோப்பைக்கான போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. போட்டிக்கு முந்தின சாயங்காலம் பெற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைப்பது வழக்கம். நான் கதை சொல்வேன், நடந்து காட்டுவேன், டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சாமான் அறையில் கால்காப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். சாம்பல் நிறச் சீருடை, சட்டைப்பையில் மட்டம் பார்க்கிற ஒரு சின்ன ரசமட்டம். உள்ளே இரண்டு அடி வைத்தார். அந்த இடது தோள் சாய்ந்தது.

"சார், என்னைத் தெரியுதா?" என்றான்.

தெரியாமல் இருக்குமா? முந்நூறு தடவை நானே அவனாக நடந்திருக்கிறேன். ஆனாலும் கன்னம் உள்ளே போய், முடி நரைத்து, என்னைவிட மூத்தவனாகத் தெரிந்தான். வாங்க என்றேனா, வா என்றேனா, நினைவில்லை.

"கொக்கு என் பொண்ணு சார்," என்றான்.

எனக்குக் கையில் இருந்த கால்காப்பு நழுவியது. கொக்கு என்றால் என் கீப்பர். ஒல்லியாக, உயரமாக, ஸ்டம்புக்குப் பின்னால் அசையாமல் காத்திருப்பாள் என்று மற்றப் பெண்கள் வைத்த பெயர். மூன்று வருடமாக என்னிடம் இருக்கிறாள். என் கைக்குக் கிடைத்தவர்களில் அவளைப்போல ஒருத்தி இல்லை. அவளுடைய அம்மாதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். சேர்க்கை விண்ணப்பத்தையெல்லாம் நான் எங்கே பார்த்தேன்? எனக்குப் பிள்ளைகளின் கைதான் தெரியும், காகிதம் தெரியாது.

"நாளைக்குக் கூட்டத்துக்கு நான் வரணும்னு அடம் பிடிக்கிறா சார். மூணு வருஷமா ஏதாவது சாக்கு சொல்லித் தப்பிச்சுட்டேன். இந்தத் தடவை வராம இருக்க முடியாது." சொல்லிவிட்டு ரசமட்டத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "நீங்க அந்தக் கதையைச் சொல்லுங்க சார், அது பிள்ளைங்களுக்கு நல்லது. நடந்து மட்டும் காட்டாதீங்க. நான் உள்ள வர்றதைப் பாத்துட்டு, அப்புறம் நீங்க நடக்கறதையும் பாத்தா அவளுக்குப் புரிஞ்சுடும். போன வருஷம் என் மனைவி வந்திருந்தா. வீட்டுக்கு வந்து எனக்கே நடந்து காட்டினா. 'அசல் உங்களை மாதிரியே இருக்கு'ன்னு ஒரே சிரிப்பு. அவளுக்கும் தெரியாது சார், அது நான்தான்னு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே அவன் காலில் விழுந்திருக்க வேண்டும். வாய் திறந்தது. உள்ளே உண்மை வந்து நின்றது. கதவில் ஒட்டிய என் படம் அவன் தலைக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது.

"அட, விடுங்க. அதெல்லாம் பழைய கதை. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

அவன் கண் நிறைந்துவிட்டது. "பெரிய மனசு சார் உங்களுக்கு," என்றான். "இன்னிக்கும் யோசிக்கிறேன் சார். நேராத்தான் வெச்ச மாதிரி இருக்கு. ஆனா அது அங்க இல்லையே. அதனால நான் எதை வெச்சாலும் மூணு தடவை அளந்து பாப்பேன். கம்பெனில கிண்டல் பண்ணுவாங்க. ஆனா நான் பாத்த லிஃப்ட் ஒண்ணுகூட ஒரு நூல் விலகி நின்னதில்ல." கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தோளைச் சாய்த்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் காலை உதறியதைச் சொன்னபோது கத்தி நின்றது. மன்னித்ததைச் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாரு? நீங்க? அவரை மன்னிச்சீங்களா?"

"வாய்ல வந்துடுச்சு."

"வாய்ல வரும், ஏன் வராது? கல்யாணமான புதுசுல இந்தக் கதையைச் சொல்லித்தானே என்னைச் சிரிக்க வெச்சீங்க. ஐயோ, நான் வேற எங்க ஆபீஸ் முழுக்க நடந்து காட்டியிருக்கேன்! என் மேனேஜர் இன்னும் அந்த நடை நடக்கறார்!" தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது. "நாளைக்குக் காலைல முதல் வேலையா அதைச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்த வீட்டுக்கு வந்து என்கிட்ட பொத்தான் போடச் சொல்லாதீங்க."

மறுநாள் காலை மைதானத்துக்குப் போகும்போது ஒரு குறுக்கு வழி தோன்றியது. அவனிடம் சொல்வதற்கு முன்னால் கொக்கிடம் சொல்லிவிடலாம். சின்னப் பெண், அழுவாள், நான் தேற்றலாம், அப்புறம் அவள் போய் அப்பாவிடம் சொல்வாள். கோழைக்கு எப்படியெல்லாம் மூளை வேலை செய்கிறது பாருங்கள்.

அன்றைக்கு அவள் வந்ததிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மற்றவர்கள் வெறும் தலையோடு மைதானத்தைச் சுற்றி ஓட, அவள் ஹெல்மெட்டோடு ஓடினாள். சூடு பிடிக்கப் போகிறது, கழற்று என்றேன். பரவாயில்லை என்றாள். வழக்கமான பயிற்சியைத் தொடங்கினோம். பின்னால் ஒரு ஹெல்மெட்டை வைத்து, தலைக்கு மேல் எறிந்தேன். நாலு எட்டு பின்னால் போனாள், எம்பினாள், பிடித்தாள், குதிகால் படாமல் இறங்கினாள், திரும்பிப் பார்த்தாள். என்னைவிட நன்றாகச் செய்தாள். மற்றவர்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஒரு விஷயம் சொல்லணும். அந்த ஹெல்மெட் கதை இருக்குல்ல..."

"அதை நகர்த்தினது நீங்கதான் சார். தெரியும்," என்றாள்.

ஹெல்மெட் கம்பிக்குள்ளிருந்து இரண்டு கண் என்னைப் பார்த்தது.

"போன வருஷமே தெரியும் சார். நீங்களே சொல்றீங்களே, மூணு பந்து ஒண்ணும் ஆகலைன்னு. நாலாவது பந்துக்கு எறிஞ்சது தலைக்கு மேல வந்துச்சு, நாலு எட்டு பின்னால போய் ஒத்தைக் கையால பிடிச்சேன்னு ஒவ்வொரு தடவையும் பெருமையா சொல்லுவீங்க. நாலு எட்டுல என்ன சார் இருக்கு? ஹெல்மெட்தான் இருக்கு. அதுவரைக்கும் நேரா இருந்தது அஞ்சாவது பந்துக்கு எப்படி நகரும்? அதுக்குக் காலா இருக்கு?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அப்புறம் இந்தப் பயிற்சி. வேற எந்தக் கோச்சும் இதைச் சொல்லித் தர்றதில்ல சார். மத்த அணிப் பொண்ணுங்ககிட்ட கேட்டுப் பாத்தேன். குதிகால் பட்டு அது நகரும்னு பட்டவங்களுக்குத்தானே தெரியும்?"

ஒற்றைக் கையால் பிடித்ததைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். முந்நூறு தடவையில் ஒரு தடவைகூட என்னால் அதை விட முடிந்ததில்லை. கைதட்டல் வாங்கிய இடமாயிற்றே.

"அது உங்கப்பான்னும் தெரியுமா?"

"நீங்க நடந்து காட்டின முதல் நாளே தெரியும் சார்."

"அப்புறம் ஏம்மா என்கிட்ட கத்துக்கிட்டே? போய்த் தொலைன்னு விட்டுட்டுப் போயிருக்கலாமே."

"நீங்க நல்லாச் சொல்லித் தர்றீங்க சார்," என்றாள். "அதுதான் எனக்கு ஆத்திரமே."

இப்படி ஒரு பாராட்டு என் எதிரிக்கும் வேண்டாம்.

"நேத்து அப்பா வீட்டுக்கு வந்து என்னை உக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னார். இருபத்திரண்டு வருஷமா மறைச்சதை. 'சாரே மன்னிச்சுட்டார், இனிமே எனக்கு என்ன பயம்'னு சொல்லி அழறார். அப்பவும் நான் சும்மா இருந்திருப்பேன் சார். நீங்க மன்னிச்சீங்கன்னதும்தான் தாங்கலை. அது நீங்க இல்லப்பா, அவர்தான்னு சொல்லிட்டேன். அப்பா நம்பலை." கையுறையை இறுக்கிக்கொண்டாள். "என்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க." எந்தக் கட்டடம், எந்தத் தெரு என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்காமலேயே போய் ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்தாள்.

அது பதினோரு மாடி அலுவலகக் கட்டடம். வாசலில் 'லிஃப்ட் பழுது' என்று அட்டை தொங்கியது. ஆள் எங்கே என்று கேட்டால் மேலே என்றார்கள். கீப்பராக இருந்தவனின் முழங்கால் படிக்கட்டில் என்ன பாடுபடும் என்று வெளியே சொன்னால் புரியாது. ஆறாவது மாடியில் உட்கார்ந்தேன், ஒன்பதாவதில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டேன். பதினோராவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது, உள்ளே பெட்டி இல்லை, கீழே இருட்டுப் பள்ளம். முன்னால் மஞ்சள் நாடா கட்டி, அவன் மண்டி போட்டுக் கதவின் அடிச்சட்டத்தில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தான், எடுத்தான், திரும்ப வைத்தான், மறுபடியும் பார்த்தான்.

"சார்! நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்? படியிலயா வந்தீங்க?" என்று பதறி எழுந்தான்.

நின்ற வாக்கிலேயே சொல்லிவிட்டேன். மூச்சு வாங்கியதால் துண்டு துண்டாகத்தான் வந்தது. எறிந்தது, பிடித்தது, குதிகால் பட்டது, உதறியது, பார்த்தது, பார்த்தும் விட்டது.

அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்ததும் என் தோளைத் தட்டிக்கொடுத்தான். "அவ உங்ககிட்டயும் வந்து சொல்லிட்டாளா? சின்னப் பொண்ணு சார், அப்பன்மேல பாசம், என்னமோ உளர்றா. அவளுக்காக நீங்க பழியைத் தூக்கித் தலைல போட்டுக்க வேண்டாம். நேத்தே எனக்கு மனசு ஆறிடுச்சு."

ஐயோ! உண்மையைச் சொல்ல இருபத்திரண்டு வருடம் ஆயிற்று, சொன்னால் ஆள் நம்பமாட்டேன் என்கிறான். அவன் கண்ணில் நான் அவ்வளவு நல்லவன். அந்தக் கணத்தில் எனக்கு வந்த அவமானம் உடை மாற்றும் அறையில்கூட வந்ததில்லை.

"நான் நல்லவன் இல்லடா," என்றேன். "ஹெல்மெட் வார் என் ஷூ முள்ளுல மாட்டிச்சு. ரெண்டு தடவை உதறினேன். அப்படித்தான் உருண்டுச்சு."

தோளில் இருந்த கை நின்றது.

"வாரா?" என்றான்.

"ஆமா. தாடை வார்."

அவன் மெதுவாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "நான் வாரை எப்பவும் உள்ள செருகிட்டுத்தான் வைப்பேன். அன்னிக்கும் செருகினேன். ஆட்டம் முடிஞ்சு எடுக்கப் போனப்போ அது வெளிய தொங்கிட்டு இருந்துச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல. அதையே யோசிச்சு யோசிச்சு, செருகலையோ, நான்தான் அவசரத்துல மறந்துட்டேனோன்னு..." என்று நிறுத்தினான். தரையில் ஒரு விரலால் கோடு போட்டான், ஸ்டம்பு இங்கே, நான் இங்கே என்பதுபோல. அந்தக் கோட்டுக்கு நேராக ரசமட்டத்தை வைத்தான். "அப்போ நேராத்தான் வெச்சேனா?"

"நேராத்தான் வெச்சிருந்தே."

"இங்கதானே?"

"அங்கதான்."

மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. ரசமட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுவான் என்று நினைத்தேன், அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"ஏன்டா சொல்லலை?" என்றான். சார் போய்விட்டது. இருபத்திரண்டு வருடத்துக்கு அப்புறம் அவன் வாயில் அந்த டா வந்தது, நான் அதற்குக்கூடத் தகுதி இல்லாதவன்.

"பயம்டா. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அது பிடிச்சுப் போச்சு."

"என்னை அணில சேக்காதப்போ நீதானே எனக்கு ஆறுதல் சொன்னே?"

"ஆமா."

"என் கல்யாணத்துக்கு உனக்குப் பத்திரிகை வெக்கலை தெரியுமா? உன் மூஞ்சில முழிக்க வெக்கமா இருந்துச்சு. எனக்கு!" நெஞ்சில் தட்டிக் காட்டினான். அப்புறம் அந்தக் கையையே விரித்துப் பார்த்தான். வலது கை. எண்ணெய்க் கறை படிந்த, பெரிய கை. அவன் முகம் மாறியது.

"நேத்து அவளை அடிச்சுட்டேன்டா," என்றான். "பொறந்ததுலேருந்து ஒரு தடவைகூட அவமேல கை வெச்சதில்ல. சார்மேல அபாண்டமா சொல்றியான்னு கன்னத்துல அறைஞ்சுட்டேன். விரல் பதிஞ்சிருக்கு. அவ போய்ப் படுத்துட்டா. காலைல இந்தக் கன்னத்தோட எப்படிப் போவேன்னு அவங்கம்மாகிட்ட கேட்டுட்டு இருந்தா."

அந்தச் சூட்டில் அவள் ஏன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் அறைந்தான், ஆனால் அறைய வைத்தது நான். மன்னித்தேன் என்று சொன்னேனே, அந்த வாயால்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"இப்ப என்கிட்ட எதுவும் கேக்காதே. சாயங்காலம் நான் வருவேன். முன் வரிசைல, என் பொண்ணு பக்கத்துல, என் மனைவி பக்கத்துல உக்காருவேன். நீ கதையைச் சொல்லு. என்னை மாதிரி நடந்து காட்டு, பரவாயில்ல. அப்புறம் நீ காலை உதறினதையும் உதறிக் காட்டு. ரெண்டு தடவை உதறினேன்னு சொன்னியே, ரெண்டு தடவையும்."

"சரி," என்றேன்.

"போ. லிஃப்ட் ஓடாது. படியில போ."

இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கொடுமை. பத்தாவது மாடிக்கு வந்தபோது மேலே அவன் போனில் பேசுவது கேட்டது. அந்தக் காலிப் பள்ளம் வழியாகக் குரல் நேராகக் கீழே இறங்கி வந்தது, ஒவ்வொரு மாடியிலும் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து. ஒன்பதாவதில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், என் கொக்கின் பெயரை, நான் மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லிக் கூப்பிடாத பெயரை. ஏழாவதில் வலிக்குதாடா என்று கேட்டான். ஐந்தாவதில் அழுகை மட்டும் வந்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஓடிப் போய்விடலாம் என்றால் இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

கீழ்த்தளத்துக்கு வந்து, தொங்கிய அட்டையைத் தாண்டும்போது கடைசியாக ஒரு தடவை கேட்டது. "நேராத்தான் வெச்சிருந்தேன்மா. நேராத்தான் வெச்சிருந்தேனாம்," என்று அவன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.